நீ ஏன் மறுமொழி சொன்னனீ?

2023 ஒக்டோபர் 18. வேலை முடிந்து ரயிலில் வரும்போது போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். 'டொக்டர்ஸ்' தொடரை அடுத்த ஆண்டோடு நிறுத்தப்போவதாக பிபிசி அறிவித்திருந்தது. நாடகம் எடுக்கும் செலவு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, பேர்மிங்காமில் படப்பிடிப்பு நடக்கும் இடத்தைத் திருத்தவேண்டும் அல்லது வேறு இடம் பார்க்கவேண்டும், அந்தப் பணத்தை மிட்லண்ட்ஸிலேயே வேறு நிகழ்ச்சிகளுக்குப் போடப்போகிறோம் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது இதை வேலையிடத்தில் சொன்னேன். கூட வேலை செய்யும் தமிழ்ப் பையன் ஒருவன், நல்ல பிள்ளைதான், "அது இன்னும் போகுதா அக்கா? வருத்தக்காரரும் வயசுபோன ஆக்களும் பாக்கிற நாடகமெல்லோ அது" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. வருத்தக்காரர் பார்க்கிற நாடகம். ஆம், அப்படித்தான். அதில் குறைவாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று அன்றிலிருந்து மனதுக்குள் அவனோடு வாதாடிக்கொண்டே இருக்கிறேன்.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொடரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். 2000 மார்ச்சில் தொடங்கி, கிழமை நாட்களில் பகல் நேரத்தில், பல ஆண்டுகள் ஒரு மணிச் செய்தி முடிந்த கையோடு வந்த தொடர். லெதர்பிரிட்ஜ் என்ற கற்பனை ஊர், அதில் ஒரு ஜீபி சேர்ஜரி, அதாவது குடும்ப டொக்டர்மாரின் சிகிச்சை நிலையம். முதலில் அதற்கு ரிவர்சைடு என்று பெயர், பிறகு வந்ததுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும் 'தி மில்'. 4,500க்கும் மேற்பட்ட பாகங்கள். ஒவ்வொரு நாளும் வேலை செய்பவர்களின் குடும்பக் கதை ஒருபக்கம் நீண்டுகொண்டே போகும். கூடவே அன்றைக்கு வரும் ஒரு வருத்தக்காரரின் கதை அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடியும். எமிலியா கிளார்க், எடி ரெட்மெய்ன், நிக்கலஸ் ஹோல்ட் போன்றவர்கள் பெயர் வருமுன் சிறு வேடத்தில் வந்துபோன இடம் இது. ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுபவர்கள் அதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அது முக்கியமில்லை.

1.45

அம்மா இதைப் பார்க்கத் தொடங்கியது எந்த ஆண்டு என்று சரியாக நினைவில்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன் அறையில், துணி மடித்துக்கொண்டு பார்ப்பா. அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, அந்த நேரம் மேலே நித்திரையாக இருப்பார். அதனால் ரீவியின் சத்தத்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் வைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் போட்டுக்கொள்வா. அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவ. எழுத்துக் கூட்டி வாசிக்கலாம், ஆனால் அர்த்தம் பிடிபடாது, வாய் திறந்து கதைக்க வராது. நாங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். "உங்களுக்கு என்னம்மா விளங்குது இதில?" என்று நான் கேட்டால், "கதை முழுக்க விளங்காது, முகம் விளங்கும்" என்பா.

முகம் விளங்கும் என்று அவ சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒருவர் இருமிக்கொண்டு வந்து உட்காருவார். அம்மா உடனே, "இவர் இருமலுக்கு வரேல்லை" என்பா. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வீட்டில் அடி வாங்குகிறவராக இருக்கும், அல்லது வேலை போனதை வீட்டில் சொல்லாதவராக இருக்கும். டொக்டர் மருந்துத் துண்டை எழுதிக் கொடுப்பார், வந்தவர் எழும்பிப்போய்க் கதவில் கை வைப்பார். அப்போது அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிடுவா. இந்த நாட்டு ஜீபிமார் தங்களுக்குள் இதைக் கதவுப்பிடிப் பேச்சு என்று சொல்வார்கள். பத்து நிமிடமும் சொல்லாததை, போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொல்வது. தொடரில் அந்த இடம் வராத கிழமையே இருக்காது. "இப்ப சொல்லுவார் பார்" என்று அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிடுவா.

ஆட்களில் அவவுக்கு மிஸஸ் டெம்பேயைத்தான் அதிகம் பிடிக்கும். ரிசெப்ஷனில் இருந்து பிறகு நிர்வாகியாக வந்த, கடவுள் பக்தியுள்ள, நிமிர்ந்து நடக்கிற கறுப்பினப் பெண்மணி. எல்லோரும் அவவை மிஸஸ் டெம்பே என்று மரியாதையோடுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில், இந்த நாட்டில் யாரும் அம்மாவை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அதை அம்மா கவனித்திருக்கிறா. டொக்டர் ஜிம்மியை அவருடைய தாழ்ந்த குரலுக்காகப் பிடிக்கும். டொக்டர் ஸாராவைப் பயத்தோடு பிடிக்கும். மருத்துவிச்சி ருமா வந்தபோது, "எங்கட பக்கத்து முகம்" என்று எனக்கு வேலைக்குப் போன் எடுத்தே சொன்னா. ஜூன் கடைசியில் விம்பிள்டன் வந்தால் தொடரை இரண்டு கிழமை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் அம்மாவுக்கு வீடு வெறிச்சென்று இருக்கும். டென்னிஸ் என்ற விளையாட்டின்மேல் அவவுக்கு இருக்கும் ஒரே கருத்து அதுதான்.

ஒரு கிழமை நாளில் பகல் 1.45க்கு வீட்டில் இருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வயதானவர், வேலை இல்லாதவர், குழந்தை பெற்றவர், சுகமில்லாதவர், சுகமில்லாத ஒருவரைப் பார்த்துக்கொள்பவர், இரவு வேலைக்காரரின் மனைவி. ஒரு ஜீபி சேர்ஜரியின் காத்திருக்கும் அறையில் இருப்பவர்களும் இவர்கள்தான். தங்களுடைய சேர்ஜரியைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனுக்கு நான் சொல்ல நினைத்த முதல் மறுமொழி இது.

நோ

அம்மாவுக்கு நீண்ட காலம் இலங்கைத் தமிழ் டொக்டர் ஒருவர் ஜீபியாக இருந்தார். 1960களிலும் 70களிலும் இந்தியா, பாக்கிஸ்தான், இலங்கையிலிருந்து வந்த மருத்துவர்கள் பலருக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மேலே போக வழி கிடைக்கவில்லை. இங்குள்ளவர்கள் போக விரும்பாத தொழிலாளர் பகுதிகளில், தொழிற்சாலை ஊர்களில், சுரங்க ஊர்களில் அவர்கள் ஜீபிகளாகப் போய் அமர்ந்தார்கள். ஏழை மனிதர்களின் மருத்துவச் சேவையை ஒரு தலைமுறைக் காலம் தாங்கியவர்கள் அவர்கள்தான். எங்கள் டொக்டரும் அந்தத் தலைமுறை. அவர் ஓய்வு பெற்றதும் அந்த சேர்ஜரி மூடப்பட்டு, எங்களை இன்னோர் இடத்துக்கு மாற்றினார்கள்.

புது இடத்துக்கு அம்மா முதல் தடவை தனியாகப் போனா. நான் வேலைக்குப் போயிருந்தேன். வலப்பக்க விலாவுக்குக் கீழே அவவுக்கு மூன்று நாளாகக் குத்து. டொக்டர் வயிற்றை அமத்தி, "பெயின்?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும். மறுமொழியையும் சரியாகத்தான் சொன்னா: "நோ." எங்கள் ஊரில் வலிக்கு நோ என்றுதான் பெயர். கை நோ, வயித்து நோ. அவர் இன்னோர் இடத்தில் அமத்தி மறுபடியும் கேட்டிருக்கிறார். "நோ, நோ. சரியான நோ." வலி இல்லை என்று எழுதி, வாய்வுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். நான்காம் நாள் இரவு ஆம்புலன்ஸ் வந்தது. பித்தப்பையில் கல், அதோடு அழற்சி. தப்பிவிட்டா. ஆனால் அந்தக் கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

அன்றிலிருந்து நான்தான் மொழிபெயர்ப்பு. ஒரு தடவைகூட அம்மாவைத் தனியே விட்டதில்லை. லீவு எடுத்துக்கொண்டு போவேன். காலை எட்டு மணிக்கு நூறு பேரோடு போட்டி போட்டுப் போன் அடித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு நேரம் வாங்கி, அந்தப் பத்து நிமிடத்தையும் வீணாக்காமல் விஷயத்தைச் சொல்லி முடிப்பதில் எனக்கு ஒரு கெட்டித்தனமே வந்துவிட்டது. அம்மா, "விடிய எழும்பேக்க காலெல்லாம் உளைவு பிள்ளை, பிறகு மெல்ல மெல்ல விடும், மாமிக்கும் இப்பிடித்தான் இருந்தது, அவ கடைசியில நடக்கேலாமல்..." என்று தொடங்குவா. நான் டொக்டரிடம் "காலையில் கால் வலி" என்பேன். உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, நோ எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே ஆங்கிலச் சொல்தான் இருந்தது. மாமியை நான் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை.

கதவுப்பிடி

2015இல் அப்பா போனார். அதற்குப் பிறகு அம்மாவின் பிரஷர் இறங்கவே இல்லை. 170க்கு மேலேயே நின்றது. அம்லோடிபின் 5 மில்லிகிராமில் இருந்தது, 10 ஆக்கினார்கள். அப்போதும் இறங்கவில்லை. ரமிப்ரில் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் டொக்டர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா? ஒவ்வொரு தடவையும் நான் ஆம் என்பேன். அம்மாவிடம் கேட்டுச் சொன்னதில்லை. எதற்குக் கேட்பது, அம்மா ஒழுங்கான மனுசி, ஒழுங்காகத்தானே எடுப்பா.

2017 பெப்ரவரியில் ஒருநாள். ஓர் இளம் பெண் டொக்டர். எண்களைப் பார்த்தார், மூன்றாவதாக ஒரு மருந்து சேர்க்கலாம் என்றார். கேள்வியைக் கேட்டார். ஆம் என்றேன். மருந்துத் துண்டு நேரே மருந்துக்கடைக்குப் போய்விடும் என்றார். நன்றி சொல்லி எழும்பினோம். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னே போனேன், அம்மா பின்னால் வந்தா. கதவைத் திறந்து பிடித்தேன். அம்மா வெளியே வரவில்லை. என் கையிலிருந்த கதவைத் தானே பிடித்து மெதுவாகச் சாத்தினா. திரும்பிப்போய் அந்தக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் உட்கார்ந்தா.

"டொக்டர் என்னட்டக் கேட்டவ. நீ ஏன் மறுமொழி சொன்னனீ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா டொக்டரைப் பார்த்து, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தா. "டொக்டர். ஐ ஆம் நொட் டேக்கிங் த டாப்லெட்ஸ்." இவ்வளவு நீளமான ஆங்கில வசனம் ஒன்றை அம்மா சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. எத்தனை மத்தியானங்கள் அந்த வசனம் அவவின் கண்ணுக்குக் கீழே எழுத்தாக ஓடியிருக்கும்! எத்தனை பேர் அதே கதிரையில் இருந்து அதைச் சொல்லியிருப்பார்கள்! சொன்னதற்காக அவர்களை யாரும் ஏசவில்லை என்பதையும் அம்மா பார்த்துத்தான் இருந்தா.

பிறகு என் பக்கம் திரும்பி, "இனி நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. வெட்டாத" என்றா.

வெட்டாமல் சொன்னேன். காலையில் அப்பா வேலையால் வந்து, தேத்தண்ணி குடிக்க முன்னம், அம்மாவுடைய குளிசையை அட்டையிலிருந்து எடுத்து, தன் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாராம். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா பார்த்ததே இல்லை. அவர் நீட்டுவார், இவ போடுவா. அவர் போன பிறகு அந்த அட்டையை எடுத்தால் கை நடுங்குகிறது. பிறகு போடுவோம் என்று வைப்பா. பிறகு நாளைக்கு. மாதங்கள் போய்விட்டன. எனக்குச் சொன்னால் நான் பதறுவேன், ஏசுவேன். மருந்துப் பெட்டிகள் எல்லாம் உடுப்பு அலுமாரியில், அப்பாவின் சேட்டுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்போது எனக்குக் குரல் வரவில்லை.

அந்த டொக்டர் கணினியிலிருந்து கதிரையைத் திருப்பினார். மூன்றாவது மருந்தை நிறுத்தினார். இதுவரை எடுக்காத இரண்டையும் முழு அளவில் திடீரென்று எடுத்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்து, தலை சுற்றி நீங்களும் விழலாம், அதனால் ஒன்றே ஒன்றை, குறைந்த அளவில், முதலிலிருந்து தொடங்குவோம் என்றார். நான் ஒவ்வொரு தடவை ஆம் என்றபோதும் எந்த ஆபத்தைப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு அவர் அப்பாவின் பெயரைக் கேட்டார். கடைசியாக, ஒவ்வொரு நாளும் தவறாமல் நீங்கள் செய்கிற ஒரு காரியம் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுக்குமுன், அம்மா வெட்கத்தோடு சிரித்து, "டொக்டர்ஸ்" என்றா. அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு அவரும் சிரித்தார். அப்படியென்றால் அது தொடங்கும்போது ஒன்று, என்றார்.

நாங்கள் அங்கே இருபத்தைந்து நிமிடம் இருந்திருப்போம். வெளியே வந்தபோது காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு தாய் நின்றுகொண்டே இருந்தா. எங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த பதினைந்து நிமிடம் அவர்களுடையது. லெதர்பிரிட்ஜில் காத்திருக்கும் அறை ஒருநாளும் இப்படி நிரம்பி வழிந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தத் தொடரில் நான் காணும் ஒரே பொய் அதுதான். டொக்டர்மார் நல்லவர்களாக இருப்பதோ கேட்கத் தெரிந்தவர்களாக இருப்பதோ பொய்யில்லை. அவர்களுக்கு நேரம் இருப்பதாகக் காட்டியதுதான் நடப்பில் இல்லாதது. அந்த இளம் டொக்டர் அன்று மத்தியானம் சாப்பிட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

வருத்தம்

அதற்குப் பிறகு நான் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். கேட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தருவது சேர்ஜரியின் கடமை, அதற்கு வருத்தக்காரர் காசு கொடுக்கத் தேவையில்லை, வீட்டாரை வைத்துச் சமாளிக்கக் கூடாது என்றே தேசிய மருத்துவச் சேவையின் வழிகாட்டல் சொல்கிறது. இத்தனை ஆண்டுகளில் யாரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை வாசிப்பவர்களில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருந்தால், நேரம் பதியும்போதே கேளுங்கள். பேசுவதெல்லாம் இரண்டு தடவை பேசவேண்டியிருப்பதால், இரட்டை நேரமும் கேளுங்கள்.

முதல் தடவை போன் வழியாகத்தான் ஒருவர் வந்தார். பேச்சில் மதுரைப் பக்கத்துப் பெண் போலிருந்தது. நான் கூட வந்தவளாக, வாயை மூடிக்கொண்டு மூலையில் இருந்தேன். அம்மா போனுக்குக் கிட்டக் குனிந்து, "எனக்கு அவர் போன நாளிலயிருந்து ஒரே வருத்தம்" என்றா. எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். ஒரே வருத்தம் என்றால் அடுத்தடுத்து ஏதாவது ஒரு நோய். மதுரைக்காரருக்கு அந்தச் சொல் அப்படி இல்லை. கணவர் இறந்ததிலிருந்து இவர் மிகவும் கவலையாக இருக்கிறார் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பிழை, திருத்தவேண்டும் என்று நான் முன்னால் வந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினா. அவர் சொன்ன "ஸாட்" என்ற ஆங்கிலச் சொல் அவவுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓம், அதையும் சொல்லத்தான் வேணும். இருக்கட்டும்" என்றா. டொக்டர் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அப்பா போனதிலிருந்து ஒருவர் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. நானும் கேட்டதில்லை.

2024 நவம்பர் 14 வியாழக்கிழமை கடைசிப் பாகம். லீவு எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். தொடங்கும் இசை வந்ததும், பக்கத்து மேசையில் இருந்த அட்டையிலிருந்து குளிசையைத் தானே எடுத்து, தண்ணீரோடு போட்டுக்கொண்டா. எழுத்தைப் போட்டிருந்தா, சத்தமும் இருந்தது. மேலே நித்திரை கொள்ள இப்போது யாரும் இல்லை. முடிந்த பிறகும் அந்த எழுத்தெல்லாம் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "அந்தச் சனத்தை எந்த சேர்ஜரிக்கு மாத்தினவையாம்?" என்று கேட்டா. எங்களுடைய பழைய சேர்ஜரியை மூடியபோது கடிதம் வந்தது அவவுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். எனக்கு மறுமொழி தெரியவில்லை. தெரியாது அம்மா என்றேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வேலையில் இருந்து, தொடர் வரும் நேரத்துக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டா.

"ரீவி போட்டிட்டுத்தான் இருக்கிறன். வேற ஏதோ போகுது" என்றா. நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். "கேள் பிள்ளை" என்றா.

"குளிசை போட்டாச்சாம்மா?"

"ஓம். இப்பத்தான்."